ரெண்டு சீட்டு வண்டிக்கு ஒரு மெக்கானிக்

சங்கரன்கோவிலில் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுகிற கார் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது. சிவப்பு நிறம், இரண்டு பேர்தான் உட்காரலாம். பூ மொத்த வியாபாரத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். மல்லியும் பிச்சியும் ஏற்றிய லோடு வண்டிகளைத்தான் அதுவரை ஓட்டியிருந்தேன். மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு, கொச்சியில் ஒருவர் வைத்திருந்த அந்த ஸ்போர்ட்ஸ் காரை என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினேன்.

என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏட்டி, இதுல ஒரு மூட பூ கூட ஏத்த முடியாதே" என்றார்.

"அதுக்குத்தான் வாங்கிருக்கேன்" என்றேன்.

கொஞ்ச நாள் ராணி மாதிரி ஓட்டினேன். பிறகு எஞ்சின் சூடாக ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் லாரியில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அதனால் பக்கத்தில் விசாரித்தேன். ஒரு மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்த கையோடு, எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். இன்னொருவர் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் போய்ப் பார்த்தால், வண்டி கடை வாசலில் இல்லை. வேலை பார்க்கிறவர்கள் ஒரு சுற்றுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை விற்றுவிடலாம் என்று கூடத் தோன்றியது.

எங்கள் பூ லோடு ஓட்டுகிறவர்தான் அந்தக் கடையைச் சொன்னார். "குருவிகுளம் ரோட்டுல டிராக்டர் பாக்குத ஒரு ஆளு இருக்காரு. துபாய் பக்கம் சார்ஜால இந்த மாதிரி வண்டிக பாத்தவருன்னு சொல்லுதாவ. ஒரு எட்டு போயிப் பாருங்க."

போனேன். தகரக் கொட்டகை. முன்னால் இரண்டு டிராக்டர், ஒரு நெல் அறுக்கிற மெஷின். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. என் வண்டி உள்ளே திரும்பியதும் எழுந்து நின்றார். பக்கத்தில் வரவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, வேஷ்டித் துணியில் துடைத்துவிட்டு வந்தார்.

"ஊருக்கு வந்த பொறவு இப்படி ஒரு வண்டியத் தொடவே இல்லக்கா" என்றார். பிறகு கேட்டார்: "நின்னா சூடாவுதா, ஓடுனா சூடாவுதா?"

அதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, "மார்க்கெட் ரோட்டுல மாட்டிக்கிட்டா சூடாவுது. ராஜபாளையம் ரோட்டுல விரட்டுனா ஒண்ணும் செய்யல" என்றேன்.

எஞ்சினுக்குள் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற வால்வு மேல் அவருக்குச் சந்தேகம். நான் வரவழைத்துக் கொடுத்த புது வால்வை என் கண் முன்னாலேயே மாட்டினார். ஓட்டிப் பார்க்கட்டும் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் அவரே போனில் கூப்பிட்டார்.

"நான் நெனச்சது தப்பாப் போச்சுக்கா. புதுச மாட்டியும் சூடாவுது. பழசு நல்லாத்தான் இருக்கு. அதையே திரும்ப மாட்டிட்டேன். புதுச எடுத்து வச்சிருக்கேன், கடையில திருப்பிக் குடுத்துருங்க. காலைல வாங்க, வேற பாப்போம்."

இத்தனை வருஷ வியாபாரத்தில், தன் கணக்கு தப்பு என்று தானாக வந்து சொன்னவர்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. என் கணவரிடம், "ஆளு கெடச்சாச்சு" என்றேன். "வண்டி சரியாயிட்டா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் முன்பக்கத்து அடித்தகட்டைக் கழற்றினார். ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது. பூ குடோனில் நிறுத்தியதன் பலன். ஒயரை மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு பேரும் வெயிலில் நின்று, சூட்டைக் காட்டுகிற மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் மெல்ல ஏறியது. திடீரென்று ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. முள் இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலை ஏறினேன். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தும் முள் நகரவில்லை. மேலே ஒரு டீக்கடையில் என் வண்டியைப் போலவே ஒன்று, மஞ்சள் நிறத்தில் நின்றது. அதன் சொந்தக்காரர் திருவனந்தபுரத்துக்காரர். வண்டி ஓட்டிவந்தது நான்தான் என்று தெரிந்து கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். சர்வீஸ் எங்கே என்று கேட்டார். தன் வண்டியை வருஷா வருஷம் பெங்களூருக்கு அனுப்புகிறாராம்.

"எங்க ஊர்லதான்" என்றேன்.

"எந்த ஊர்?"

"சங்கரன்கோவில்." பெயரை நிறுத்திச் சொன்னேன். எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். என் கணவர் எனக்கு முந்திக்கொண்டு வழி சொல்லத் தொடங்கினார். மெக்கானிக் கடைக்கு எதிரே நிற்கிற வேப்ப மரம் வரை சொன்னார்.

மழைக்காலம் முடிந்ததும் அந்த மஞ்சள் கார் நிஜமாகவே வந்தது. மெக்கானிக் போன் போட்டுச் சொன்னார். குரலில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. குடோன் வேலையை விட்டுவிட்டுப் போனேன். இரண்டு டிராக்டருக்கு நடுவே அது நின்றது. குழாயடியில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். ரோட்டில் போன பைக்குகள் நின்று, சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் ஒருவர் என்னிடம், "இதும் ஒங்க வண்டியா, அக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன். "கேரளா வண்டி. நம்ம மெக்கானிக்கத் தேடி வந்திருக்கு."