2068-இல் பிறக்கப்போகிறவன்

போன வாரம் எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் பிறந்த வருஷத்தைப் பார்த்தேன். 2068. எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போகிறவன்தான் நான். ஆனாலும் இவ்வளவு தாமதம் கிடையாது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், பாவம், நாலு தடவை அடித்துப் பார்த்தாள். "பழைய பேரேட்டுல வருஷத்துக்கு ரெண்டு எண்ணுதானுங்க இருக்குது. தேதியை மாத்துற புரோகிராம், அறுபத்தொம்பதும் அதுக்கு மேலயும் இருந்தா போன நூற்றாண்டுன்னு எடுத்துக்குது. அறுபத்தெட்டு வரைக்கும் இந்த நூற்றாண்டாமுங்க."

"தலை நரைச்சிருக்குன்னு அதுகிட்டச் சொல்லிப் பாருங்க அம்மணி" என்றேன். அவள் சிரித்தாள். கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை.

சிரிக்கிற விஷயமும் இல்லை. எங்கள் எஸ்டேட்டில் ஓய்வு பெறுகிறவன் இடத்தில் பிள்ளை சேரலாம். சேர்ந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு குடும்பத்துக்கே இருக்கும். இந்த மாசத்தோடு எனக்கு ஓய்வு. மகள் பேரைக் கொடுத்தால் திரை ஏற்க மாட்டேன் என்கிறது. பிறக்காதவனுக்கு ஏது மகள்? என்னைவிட மூத்தவர்கள் எல்லாம் முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அறுபத்தெட்டுக்காரன் நான் ஒருவன்தான் மிச்சம்.

ஜன்னல் வழியாக, பாக்டரியில் தேயிலை வாடுகிற வாசனை வந்தது. அந்த வாசனைக்கு எனக்குப் பேர் பதிந்த நாள் ஞாபகம் வரும். மப்ளர் சுற்றிய கிளார்க் ஐயா மையை மிச்சம் பிடிக்கிறவர். வருஷத்தில் பாதிதான் எழுதுவார். மீதி எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பார். பள்ளிக்கூடத்தை ரோட்டில் நின்று பார்த்ததோடு சரி என்பதால் என்னிடம் சான்றிதழ் கிடையாது. அம்மா வாய்தான் சான்றிதழ். பெரியாள் வேலைக்குப் பதினெட்டு ஆகியிருக்கவேண்டும், எனக்குப் பதினேழு. பனியில் தேயிலை கருகிய வருஷம் ஆடியில் பிறந்தேன் என்று அம்மா சொன்னாள்.

"அதுக்கு அடுத்த ஆடியில்ல?" என்றார் கிளார்க்.

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?"

நான் குதிகாலை உயர்த்தி நின்றேன். அவர் மீசை முளைக்காத என் உதட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், 68 என்று எழுதினார்.

பக்கத்து வீட்டு மாரியப்பனும் நானும் ஒரே மாசம் பிறந்தவர்கள். அவன் அப்பாவுக்குப் பொய் வராது; 69 என்றே சொன்னார். அவன் ஒரு வருஷம் கழித்துத்தான் வேலைக்கு வந்தான். அதை வைத்தே இத்தனை காலம் அவனைச் சீண்டினேன். இப்போது திரையில் அவன் ஒழுங்காகப் பிறந்திருக்கிறான். ஆறுதல் சொல்ல வந்தவன், "பொறந்ததும் சொல்லி உடுடா, தொட்டில் கட்ட வர்றேன்" என்றான்.

ஆதாரில் உண்மையான வருஷமே இருக்கிறது. அதை நீட்டினால் ஆயுசு முழுக்கப் பொய் சொன்னவன் ஆவேன். திருத்துவதற்குத் தலைமை ஆபீஸ் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பழைய பேரேட்டில் என் பேர் இருக்கிற பக்கம்.

அம்மா இல்லை. கிளார்க் ஐயாவும் இல்லை. பேரேடு? கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும், ஈரத்தில் ஊறியது இனி எதற்கு, டிரையர் அடுப்பில் போடு என்றார்கள். அடுப்புக்காரன் நான்தான். அன்றைக்கு நல்ல குளிர். அது எரிந்து முடிகிறவரை கையை நீட்டிக் காய்ந்துகொண்டு நின்றேன்.