எங்கள் குடியின் மூக்கு

யுத்தகால ஊரடங்கு நாட்களில் மற்றப் பெட்டைகள் தையல் பழகினார்கள். நான் எங்கள் குடியின் வரலாற்றைச் சித்திரக்கதையாகக் கீறத் தொடங்கினேன். தலைமுறைக்கு ஒரு புத்தகம் என்று பெரிய எண்ணம். தம்பியின் கொப்பியில் நடுத்தாள்களைக் கிழித்து ஏச்சு வாங்கியதெல்லாம் அதற்காகத்தான்.

முதல் புத்தகத்தில் எங்கள் மூத்த தாய் விதைநெல்லோடும் அண்ணன்மாரோடும் தோணியில் வாவியைக் கடந்து செட்டிபாளையத்தில் இறங்குகிறாள். கதை நல்ல கதை. முகம்தான் வரவில்லை. எதிரே ஒருவர் இருந்தால்தான் எனக்கு முகம் கீற வரும். அம்மா ஒரு இடத்தில் இருக்கமாட்டா. தம்பி கையில் அகப்படமாட்டான். படுவான்கரை வட்டையில் எங்கள் வயலுக்குப் போக ஆமி விடாததால், வேலையில்லாமல் கதிரையில் இருந்தவர் அப்பா மட்டும்தான். மீசை, கிளிமூக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துக் கீறினேன். அண்ணன்மார் எல்லாருக்கும் அப்பாவின் முகம். மூத்த தாய்க்கு மீசையை மட்டும் கீறாமல் விட்டுவிட்டேன். தோணிக்காரனும் அப்பாதான்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

டவுனில் ஒரு அச்சுக்கூடக்காரரைப் பெரியமாமாவுக்குத் தெரியும். மாமா அம்மாவின் மூத்த அண்ணன். கோயிலில் எங்கள் குடியின் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர். தாள்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார்.

"என்ன புள்ள இது? எங்கட குடிப் பெரியவங்க எல்லாரும் மச்சான்ட மூக்கோட நிக்கிறாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் குடி தாய்வழி. நானும் தம்பியும் அம்மாவின் குடி. மாமாவும் அதே குடி. அப்பா கலியாணம் கட்டி அம்மாவின் வீட்டுக்கு வந்த வேறு குடியார். எங்கள் குடியின் ஆதிமனிதர்களுக்கெல்லாம் நான் மருமகனின் முகத்தை மாட்டியிருந்தேன்! சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாமா சிரிக்கவில்லை. "முகத்த மாத்திக் கீறு. நான் வந்து உனக்கு முன்னால இருக்கன். இல்லாட்டி அச்சுக்குக் குடுக்க ஒண்ணா."

"ஓம், மாத்துங்க. அதுதானே முறை" என்றார் அப்பா. சொல்லிவிட்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் அப்படி வாடி நான் கண்டதில்லை. ஆனாலும் புத்தகம் அச்சில் வரவேண்டும் என்று கொள்ளை ஆசை. அழிறப்பரைக் கையில் எடுத்தும்விட்டேன்.

குசினியிலிருந்து அம்மா அகப்பையோடு வந்தா. "அண்ணன், இந்தக் குடிப் பிள்ளையளுக்குச் சோறு போட்டவர் அவர். கோயில்ல உங்கட முறையப் பாருங்க. இது என்ட வீடு. அந்த மூக்க அழிச்சிப்போட்டு வாற புத்தகம் எங்களுக்கு வேணாம்."

அதோடு அச்சுப் பேச்சு நின்றது. புத்தகம் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு யுத்தம், தாள் தட்டுப்பாடு என்று சொன்னோம். எல்லாரும் நம்பினார்கள்.

மறுநாள் காலை அப்பா தலைக்கு எண்ணெய் வைத்து, மீசையைச் சீவிக்கொண்டு, கூப்பிடாமலே கதிரையில் வந்து இருந்தார்.

"மறுகா என்ன புள்ள, அடுத்த பூட்டனக் கீறுவமா?"