காறைக்குழியில் நின்ற தண்ணீர்

கரும்பு வெட்டுக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் மேஸ்திரி ஆண்களைச் சட்டை கழற்றச் சொல்லித் தோளில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். காறை எலும்புக்கு (கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் எலும்பு) மேலுள்ள குழியில் தண்ணீர் நின்றால் அந்த ஆள் வேண்டாம். கட்டு சுமக்க மாட்டான் என்று கணக்கு.

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எனக்கு இரண்டு வருடம் தண்ணீர் நின்றது, எடுக்கவில்லை. மூன்றாம் வருடம், விழுப்புரம் பக்கம் காணையில், வலது குழியில் நிற்கவில்லை.

“பார்றா, குழி ரொம்பிட்ச்சி! மேரி சோறு போட்டே தேத்திட்டா” என்று சிரித்தார். என் மனைவி மேரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் பெருமைதான்.

நிரம்பியிருந்தது சதையல்ல, கட்டி. வலிக்கவில்லை. மாலையில் காய்ச்சல் அடித்தது, வெயில் என்று நினைத்தேன். எலுமிச்சை அளவு ஆனதும் கரும்புக்கட்டு அதில் உரசியது. படுத்தால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். திண்டிவனம் பக்கம் ஒரு கம்பவுண்டரிடம் போனேன்.

“கீறி உட்டா நாளைக்கே வேலைக்குப் போலாம்” என்று கீறிவிட்டார்.

போனேன். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

புண்ணும் ஆறவில்லை. விழுப்புரம் மருத்துவமனையில் சீழை எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்க்கணுவில் (கிருமியைத் தடுக்கும் சிறு முடிச்சு) காசநோய்.

“இதுக்கு யாருங்க கத்தி வெச்சது? மாத்திரையிலயே கரைஞ்சிருக்கும்” என்றார் டாக்டர்.

“கை எப்ப சரியா வரும், டாக்டரம்மா?”

“நரம்பு அறுந்திருக்கு. புண்ணு ஆறாம தைக்க முடியாது. ஆறறதுக்குள்ள நாள் தாண்டிடும்.”

ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். வலிக்காத கட்டி வந்தவர்கள் முதலில் சோதனைக்குப் போங்கள். நோய் எனக்குப் போய்விட்டது. தோள்சதை வற்றி, குழி முன்பைவிட ஆழமாகிவிட்டது.

அடுத்த வெட்டுக்கு மேஸ்திரி செம்பையே எடுக்கவில்லை.

“காக்கா வந்து குளிக்கும்டா இதுல. மேரி கட்டு தூக்கட்டும். நீ சோறாக்கிக்கினு இரு.”

மேரி சுமக்கிறாள். எனக்குப் பொழுது அவள் கொட்டகைக்குத் திரும்பும்போதுதான் விடிகிறது. வந்ததும் அவள் காறைக்குழியில் விரல் வைத்துப் பார்ப்பேன். குழி இருந்தால்தான் தட்டு வைப்பேன்.

“இன்னாய்யா தெனமும் இதே பேஜாரு” என்பாள்.

நேற்று சிரித்துக்கொண்டே வந்தாள். “மேஸ்திரி இன்னா சொன்னாரு தெரியுமா? நான் தேறிட்டேனாம்.”

தொட்டுப் பார்க்க என் நல்ல கையும் எழவில்லை.