மேட்டில் நின்ற வண்டிக்கு ஒரு கிளட்ச்

கட்டைவிரல் நகம் கிளட்ச் பிளேட்டின் விளிம்பில் மெல்ல ஓடி ஓர் ஆணித்தலையில் இடறியது. ஆணி தெரியும்வரை பிளேட் தேய்ந்திருந்தது. கை அதை வெளிச்சத்துக்குத் திருப்பியது. பரப்பு முழுவதும் கறுத்து, கண்ணாடி போல வழவழத்துக் கிடந்தது. அந்தப் பிளேட் அழுந்திச் சுழலும் ஃப்ளைவீல் சக்கரம் பெஞ்சில் இருந்தது; அதைத் துணியால் துடைத்தபோது அதன் முகத்திலும் சூட்டில் விழுந்த நீலத் திட்டுகள் தெரிந்தன. பந்தயத்தில் அடிபட்ட பிளேட் என்றால் நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் ஆட்டம் கண்டிருக்கும். விரலால் நெம்பிப் பார்த்தால் இவை அசையவில்லை. ஓடித் தேய்ந்த கிளட்ச் அல்ல இது. நின்ற இடத்திலேயே வெந்தது.

வெர்னா ஹ்ருஸ்கா பிளேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பாண்டியாக் நகரில் அவள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவளும் அங்கே சீட் உறை தைத்தவள்தான். கிளட்ச் வேலையை யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. தன் பழைய பிக்கப் வண்டியைப் பிரித்து, தப்பாக மாட்டி, மறுபடி பிரித்துக் கற்றுக்கொண்டாள். தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டிக்காரர் தன் வாயால் சொல்லாமல் அவர் வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட வேறு மாதிரி மாற்ற மாட்டாள்.

இந்த வண்டிக்காரர், ஆர்லிஸ் டீக், தெளிவாகவே சொல்லியிருந்தார். பழையபடியே வேண்டும், ராய்ஸ் போட்ட அதே கனமான கிளட்ச் வேண்டும் என்று.

ராய்ஸ் அவருடைய தம்பி. இருவரும் கென்டக்கி மலைப்பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, ஒரே வரிசையில் நின்று கார் பூட்டியவர்கள். இப்போது பட்டறையில் நிற்கும் ஜி.டி.ஓ. காரையும் சேர்ந்துதான் வாங்கினார்கள். சனிக்கிழமை மாலை யார் ஓட்டுவது என்று காசு சுண்டிப் பார்ப்பார்களாம். உட்வர்ட் சாலையில் பந்தயம் விடுவதற்காகத் தொழிற்சாலைக் கிளட்ச்சைக் கழற்றி எறிந்துவிட்டு, மிதித்தால் தொடை நடுங்கும் ஒன்றை ராய்ஸ் மாட்டினான். அந்தப் பெடலை மிதிக்க முடிகிறவன்தான் ஆண் என்பது அந்தக் கூட்டத்தின் கணக்கு. போன குளிர்காலத்தில் ராய்ஸ் இறந்துபோனான். மேட்டின் மேல் உள்ள கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான்.

அங்கே புல் வெட்டுகிறவர் லெஸ்டர். காபிக்காகப் பட்டறைக்கு வந்து மணிக்கணக்கில் உட்காருகிற ஆள். பெஞ்சில் கிடந்த பிளேட்டை மோந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டில் வீசுகிற நாற்றம் இதுதான் என்றார். ஆர்லிஸ் தம்பியின் கல்லறைக் கல்லுக்கு நேராக வண்டியை நிறுத்துவாராம். இறங்க மாட்டாராம். எஞ்சினையும் அணைக்க மாட்டாராம். பின்னால் சரியாமலும் முன்னால் நகராமலும் வண்டி அப்படியே உறுமிக்கொண்டு நிற்குமாம்.

வெர்னா எழுந்து போய் டிரைவர் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். கிளட்ச் பெடலின் ரப்பர் நடுவில் புதிதாக இருந்தது. இடது ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது. பாதத்தால் மிதிக்கிறவர் அப்படித் தேய்க்க மாட்டார். காலில் வலு குறைந்து, இடுப்பிலிருந்து அதை மொத்தமாகத் தள்ளி, குதிகாலால் அழுத்துகிறவர்தான் தேய்ப்பார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேட்டில் ஒருமுறை வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட்டால், திரும்பக் கிளம்ப அந்தப் பெடலை அடிவரை மிதிக்க வேண்டும். முடியுமா என்று ஆர்லிஸுக்கே நிச்சயமில்லை. அதனால்தான் கிளட்ச்சைப் பாதியில் பிடித்தபடியே தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறார். அதே கிளட்ச்சைத் திரும்ப மாட்டினால் அதுவும் இப்படியே வேகும். இல்லையென்றால் ஒருநாள் கால் கைவிட்டு வண்டி கல்லறைகளுக்கு நடுவே பின்னோக்கி உருளும். லேசானதை அவளாக மாட்டினாலோ, முதல் மிதியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தம்பி போட்டதை ஒரு பெண்பிள்ளை இரக்கப்பட்டு எடுத்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்.

ஆர்லிஸைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வரும்போது பெஞ்சில், கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுகள் இரண்டு இருந்தன. ராய்ஸ் போட்ட கனமானதில் தடித்த மூன்று நெம்பு விரல்கள். லேசான மற்றதில் நடுவை நோக்கிக் குவிந்த மெல்லிய விரல்கள், பூவிதழ் மாதிரி.

லெஸ்டர் சும்மா இருக்கவில்லை. "யோவ் ஆர்லிஸ், அந்த லேசான சாமானைத் தொட்டுடாத. எங்க அத்தை சர்ச்சுக்குப் போற வண்டியில அதான் கிடக்கு."

"உங்க அத்தை உன்னவிட நல்லா ஓட்டும்" என்றார் ஆர்லிஸ். சிரிக்கவில்லை. மூன்று விரல் பிளேட்டைக் காட்டினார். "அதான் சொன்னேனே, வெர்னா."

"சொன்னீங்க. லெஸ்டர், போய் டோனட் வாங்கிட்டு வா. மெதுவா வா."

லெஸ்டர் போனதும் கதவைச் சாத்தினாள். குளியலறையில் எடை பார்க்கும் கருவி ஒன்றைத் தூணில் சாய்த்து வைத்து, எதிரே முதுகுச் சாய்வுள்ள நாற்காலியைப் போட்டாள். கருவியின் கண்ணாடியில் சாக்பீஸால் இரண்டு கோடுகள். வண்டியைப் பிரிக்குமுன் வழக்கம்போல அந்தக் கருவியைப் பெடல் மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்தி, அதை மிதிக்க வேண்டிய பலத்துக்கு மேல்கோட்டைப் போட்டிருந்தாள். கீழ்க்கோடு லேசான கிளட்ச்சுக்கு. முதலில் தானே உட்கார்ந்து இடது காலால் அழுத்தினாள். முள் மேல்கோட்டைத் தொடவில்லை.

"இடுப்பு போச்சு" என்றாள். "என் பிக்கப்லயும் லேசானதுதான் கிடக்குன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பிறகு தொட்டிப் பக்கம் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாயிருந்த கையை மறுபடி கழுவினாள். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது. மூன்றாம் முறை அவர் மூச்சு வாங்குவது கேட்டது. தண்ணீரை அவள் நிறுத்தவில்லை.

"எவ்வளவுன்னு கேக்க மாட்டியா?" என்றார் ஆர்லிஸ்.

"கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டி வரும்."

அவள் திரும்பியபோது கண்ணாடியில் சாக்பீஸ் கோடுகள் இல்லை. அவர் உள்ளங்கை சாக்பீஸ் தூளில் வெளுத்திருந்தது. பெஞ்ச் அருகே போய், மூன்று விரல் பிளேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை மாட்டின அன்னிக்கு அவன் ராத்திரி பூரா நொண்டினான். வெளிய சொல்லவே இல்ல."

"வண்டி தொழிற்சாலையிலேர்ந்து வெளிய வந்தப்ப, இந்த ரெண்டுல எது இருந்துச்சு?"

அவர் மற்ற பிளேட்டைத் தொட்டார். "இந்த ஜாதிதான். நானே எத்தனை பூட்டியிருப்பேன்." பிறகு, அவள் காத்திருப்பது தெரிந்தவர் போல, வாயால் சொன்னார். "இதையே போடு."

ஃப்ளைவீலைக் கடைந்து நீலத் திட்டுகளை எடுக்கக் கொடுத்தாள். வெடுக்கென்று கவ்வாமல் மெல்லப் பிடிக்கிற பிளேட்டாகத் தேர்ந்தாள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பெடல் அடிவரை போகாமலே கிளட்ச் விலகும்படி கம்பியை மூன்று முறை திருத்தினாள். பின், யாரிடமும் சொல்லாமல், கல்லறைத் தோட்டத்து மேட்டுக்கு ஓட்டிப் போனாள். ராய்ஸின் கல்லுக்கு நேராக நிறுத்தி எஞ்சினை அணைத்து, இறங்கி நின்று ஒருமுறை கல்லைப் பார்த்தாள். புல்லில் காற்று போகும் ஓசை கேட்டது. திரும்பக் கிளம்பியபோது வண்டி உதறவில்லை, பின்னால் சரியவும் இல்லை.

சனிக்கிழமை ஆர்லிஸ் சவரம் செய்து, சலவைச் சட்டையில் வந்தார். பழைய பிரஷர் பிளேட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருப்பதைக் காட்டினாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். சாவிக்குக் கையை நீட்டினார்.

"மேட்டுல எஞ்சினை அணைச்சுடுங்க" என்றாள் வெர்னா. "இறங்கணும்னா இறங்குங்க. திரும்பக் கிளம்பும்."

"போய்ப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.