விளக்கோடு வரும் மரமா, தனி சீரியல் செட்டா

சென்ற டிசம்பரில் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி இருந்தது. கடையில் கிறிஸ்துமஸ் மரம் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கிளையோடு கிளையாக விளக்குகளைக் கோர்த்தே விற்கிறார்களே, அந்த மரத்தை வாங்குவதா? இல்லை, வெறும் மரம் ஒன்றும் தனியாக ஒரு சீரியல் செட்டும் வாங்குவதா? கேட்டால் சின்ன விஷயம்தான். எனக்கோ அது சின்ன விஷயமாக இல்லை. பிள்ளைகளே, நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்பதால் காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, என் மகளுக்குக் கரண்டு அடித்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. தப்பு என்னுடையது. ஆனால் அவள் ஈரக் கையோடு தொட்டுவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். செஞ்சியில் நெல் மூட்டைகளை எடை போடுகிற வேலை. கரண்டு வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தெருவில் யார் வீட்டிலாவது ஃபேன் சுற்றவில்லை, மிக்சி ஓடவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் வீட்டில் அதுவரை கடை மரம் வைத்ததில்லை. சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து, காலி எண்ணெய் டின்னில் மணல் நிரப்பி அதில் நட்டு வைப்போம். மணல் காயாமல் தினமும் தண்ணீர் ஊற்றினால் பண்டிகை முடியும்வரை கிளை பச்சையாக நிற்கும். தண்ணீர் ஊற்றுவது மகளின் வேலை. கிளை முழுக்க சீரியல் செட்டைச் சுற்றுவது என் வேலை.

அந்த வருஷம் செட்டின் பிளக் உடைந்திருந்தது. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கச் சோம்பல். வயரின் இரண்டு முனைகளையும் பல்லால் கடித்து உரித்து, கிளைக்குப் பின்னால் சுவரில் மறைந்திருந்த பிளக் பாயிண்டின் இரண்டு ஓட்டைகளில் செருகி, நழுவாமல் இருக்க ஓட்டைக்கு ஒரு தீக்குச்சியைச் சொருகினேன். கல்யாண வீட்டில், திருவிழாவில் நீங்களும் இப்படிப் பார்த்திருப்பீர்கள். விளக்கு எரிந்தது. மகள் கைதட்டினாள்.

மறுநாள் காலையில் ஒரு தீக்குச்சி தளர்ந்து, ஒரு கம்பி மட்டும் வெளியே வந்து டின்மேல் விழுந்துவிட்டது. இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு கம்பி வெளியே வந்ததும் விளக்கெல்லாம் அணைந்துவிடும். ஆனால் இன்னொரு கம்பி கரண்டு வருகிற ஓட்டைக்குள்ளேயே இருந்தால், அதன் வழியாக வரும் கரண்டு செட்டைச் சுற்றி, விழுந்த கம்பியின் முனைவரை வந்து நிற்கும். விளக்கு அணைந்திருக்கும், கரண்டு இருக்கும். மகள் பார்த்தாள். விளக்கு எரியவில்லை, பயமில்லை என்று நினைத்தாள். சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் டின்னின் விளிம்பைப் பிடித்தாள்.

அவள் கத்தவில்லை. சொம்பு விழுந்த சத்தம்தான் கேட்டது. நான் மர ஸ்டூலால் டின்னை இடித்துத் தள்ளினேன். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். யாரோ ஆட்டோவை நிறுத்தினார்கள்.

அடுத்து நான் செய்ததை எழுத இத்தனை நாள் கை வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே திரும்பிப் போனேன். மெயினை அணைத்து, கம்பியையும் இரண்டு தீக்குச்சிகளையும் பிடுங்கினேன். குச்சிகளைச் சன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

"ஈரக் கையோட தொட்டுட்டா சார். செட்டும் டூப்ளிகேட்டு" என்றேன்.

பிழைத்துக்கொண்டாள். வலது உள்ளங்கையில் தீக்காயம். மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்றுவரை முழுதாக மடங்காது. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் பழத்தைக் கொடுத்துவிட்டு, "ஈரக் கையோட தொடலாமா கண்ணு?" என்றார்கள். என் மனைவியும், "எத்தினி தபா சொல்லியிருப்பேன், கேட்டியாடி நீ?" என்று அழுதுகொண்டே திட்டினாள். அவள், "இனிமே தொடமாட்டம்மா" என்றாள். நான் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவள் எந்த சுவிட்சையும் தொடவில்லை. ஃபேன் வேண்டும் என்றால் அம்மா வரும்வரை வியர்வையில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டுத் தட்டைத் தொடும் முன்னால்கூடக் கையைப் பாவாடையில் துடைப்பாள். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. எரிகிற விளக்கைவிட அணைந்த விளக்கைக் கண்டால்தான் அவளுக்கு அதிகப் பயம். அது ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போய் ராஜகிரி மலை ஏறினேன். பாதிப் படியில் உட்கார்ந்தோம். "பாப்பா, போன வருஷம் இன்னா நடந்துச்சின்னா..." என்று ஆரம்பித்தேன். "நைனா, குரங்கு!" என்றாள். கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு போனது. அவள் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிக்கிறாளே, இப்போது வேண்டாம் என்று கீழே இறங்கிவிட்டேன். இன்னொரு நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே டிசம்பர் வந்துவிட்டது.

"இந்த வருஷம் சவுக்கும் வேணாம், டின்னும் வேணாம், தண்ணியும் வேணாம்" என்றாள் மனைவி. "கம்பெனியிலயே லைட்டு மாட்டி வருதாமே, அந்த மரம் வாங்கலாம். நீங்க கை வெக்காதீங்க. அந்த சீரியல் செட்டுதான் என் புள்ளய அடிச்சது."

நான் சரி என்றேன். உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. விளக்கோடு வரும் மரத்தை வாங்கிவிட்டால், குற்றம் சீரியல் செட்டுக்கும் ஈரக் கைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு யாரும் அதைத் தோண்டமாட்டார்கள். நிம்மதி வந்த வேகத்திலேயே ஒரு அருவருப்பும் வந்தது. என் மகள் ஆயுசுக்கும் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள், நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கடைக்குப் போன அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு விடுகிற ஸ்பெஷல் பஸ்களுக்கு பஸ் ஸ்டாண்டில் கூட்டம் முண்டியடித்தது. அதைத் தாண்டி எதிர்ப்பக்கத்து ஃபேன்சி கடைக்கு மூன்று பேரும் வந்து சேர்ந்தோம். கடை முழுக்க விளக்குகள் மினுக்கின. மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கடையை நடத்துகிற அம்மா இரண்டு மரங்களையும் எடுத்து வைத்தார். "இது லைட்டோட வர்றது. மூணு துண்டு, ஒண்ணுமேல ஒண்ணு சொருகினா போதும். கல்யாணப் பொண்ணு மாதிரி நகையோடயே வந்து நிக்கும்" என்று சிரித்தார். "ஆனா அண்ணா, உள்ளதச் சொல்லிடுறேன். நடுவுல ஒரு லைன் போச்சுன்னா பிரிச்சி மாத்த முடியாது. இது வெறும் மரம். செட்டு தனி. செட்டு போனா செட்டை மட்டும் மாத்திக்கலாம், மரம் பத்து வருஷம் வரும். ரெண்டுத்துக்குமே குட்டி அடாப்டர் இருக்குது, கரண்டைக் கொறச்சிதான் உள்ள விடும்."

"லைட்டோட இருக்கிறதே குடுங்க" என்றாள் மனைவி.

"பாப்பா இன்னா வெளியவே நிக்குது? உள்ள வா கண்ணு" என்றார் கடைக்கார அம்மா.

"அவ வரமாட்டா. போன வருஷம் ஈரக் கையோட சீரியல் செட்டைத் தொட்டு, செத்துப் பொழச்சா."

"அடியாத்தே! கரண்டுகிட்ட போய் வெளையாடலாமாடி தங்கம்?"

மகள் வாசலில் நின்றபடியே, "தப்புதான் அக்கா" என்றாள். பிறகு மரத்தையே பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மரம் அணைஞ்சிருந்தா உள்ள கரண்டு இருக்குமா, இருக்காதா?" என்று கேட்டாள்.

"அணைஞ்சிட்டா அப்புறம் ஏதும்மா கரண்டு?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "நைனா, அன்னிக்கி அணைஞ்சிதான இருந்துச்சி? அப்புறம் எப்படி அடிச்சது?"

ஒரு வருஷமாக அவள் மனசில் இருந்த கேள்வி அது என்று அப்போதுதான் தெரிந்தது. அணைந்தால் கரண்டு இல்லை என்று நானும் தலையாட்டலாம். ஆட்டினால் நாளைக்கு நம்பி எதையாவது தொடுவாள், அல்லது எதையும் நம்பாமலே வளர்வாள். பதில் தெரிந்தவன் அந்தக் கடையில் நான் ஒருவன்தான். மரங்கள் வைத்திருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிளக்கு இல்லம்மா அதுல. நான் வெறும் கம்பியத் தீக்குச்சி வெச்சி சொருகியிருந்தேன். ஒண்ணு கழண்டு டின்மேல விழுந்துடிச்சி. அதனால லைட்டு அணைஞ்சிது, கரண்டு மட்டும் டின்னுல இருந்துச்சி."

"நான் ஈரக் கையோட தொட்டது?"

"கை காஞ்சிருந்தாலும் அடிச்சிருக்கும். உன் தப்பு ஒண்ணும் இல்ல. செட்டு தப்பும் இல்ல. என் தப்பு."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "பாவி" என்றாள். "ஒரு வருஷமா அந்தப் புள்ளயத் திட்டினேனே. நீ பக்கத்துலயே இருந்தியேய்யா." கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒருமையில் பேசியதில்லை. கடைக்கார அம்மா எங்களைப் பார்க்காமல், அடுக்கியே இருந்த நட்சத்திரங்களை எடுத்து மறுபடி அடுக்கினார்.

மகள் அழவில்லை. "ஏன் நைனா சொல்லல?" என்றாள்.

"பயமா இருந்துச்சி பாப்பா."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சி" என்றாள்.

பிறகு அவளே உள்ளே வந்தாள். இரண்டு மரங்களுக்கும் நடுவில் நின்றாள். "தனி செட்டு குடுங்க அக்கா" என்றாள். ஏன் என்று கடைக்கார அம்மா கேட்டதற்கு, "லைட்டு மரத்தோடயே ஒட்டிக்கினு இருந்தா நான் மரத்தை எப்பவுமே தொட முடியாது. தனியா இருந்தா, லைட்டைக் கழட்டிட்டு மரத்தைத் தொடலாம்" என்றாள். எந்த மரம் நல்லது என்று நான் எத்தனையோ பேரிடம் விசாரித்திருந்தேன். இப்படி யாரும் யோசிக்கவில்லை. "ஆனா நைனா அதைத் தொடக்கூடாது" என்றும் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்புகையில் அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் நடந்தாள். மரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

அடுத்த தெருவில் இருக்கிற வயர்மேனைக் கூப்பிட்டு பாயிண்டைச் சரி பார்த்தோம். மகள் அவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டாள். நான் அறை வாசலில் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் செட்டை எரியவிட்டு, சமையலறையிலிருந்து ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு கழற்றச் சொன்னாள். அம்மா பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்த பிறகு, வந்து மரத்தின் அடியில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டு மரம் அந்தப் பண்டிகை முழுக்க அநேகமாக விளக்கில்லாமல்தான் நின்றது.

"எங்கெல்லாம் என் தப்புன்னு சொன்னியோ, அங்கெல்லாம் போய்ச் சொல்லு நைனா" என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சர்ச்சில் பூசை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர், "விடுப்பா, எல்லாரும் செய்யறதுதான்" என்றார்கள். அப்படிச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரிக்கும் போனேன், அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். மனைவி இன்னும் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

போன வாரம் மகளிடம், "எல்லா இடத்துலயும் சொல்லிட்டேன் பாப்பா" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல சொல்லல" என்றாள்.

"அங்க இன்னாம்மா?"

"என் பக்கத்துல யாரும் உக்காரமாட்டாங்க. இவ ஒடம்புல கரண்டு இருக்குது, கை பட்டா அடிக்கும்னு சொல்லுவாங்க."

ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் அப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

பிள்ளைகளே, அவள் வகுப்பில் படிக்கிற நீங்கள்தான் அது. உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. பெரியவன் நான் உண்மையை மறைத்ததால் நீங்கள் தப்பாக நம்பினீர்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை இதை உங்கள் முன்னால் படிக்க டீச்சர் அனுமதி கொடுத்திருக்கிறார். படிக்கும்போது என் குரல் நின்றுபோனால் மீதியை டீச்சர் படிப்பார். கரண்டு மனிதர் உடம்பில் தங்காது. அவள் கை வெறும் கைதான், உங்கள் கை மாதிரி சூடாக இருக்கும். உங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.