விதுரா ஓடையும் என் வயிற்றெரிச்சலும்

ஞாயிறு காலை ஏழே கால். தம்பானூர் பஸ் நிலையத்தில் நானும் என் நாத்தனார் கோமதியும் பொன்முடி பஸ் ஏறினோம். விதுரா வரை முப்பத்தேழு கிலோமீட்டர். ஆளுக்கு ஐம்பத்திரண்டு ரூபாய். அம்பாசமுத்திரத்திலிருந்து வலியசாலையில் இவள் வீட்டுக்கு நான் வந்தது சாலைக் கடைத்தெருவில் இரண்டு புடவை எடுக்க. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு இவள் ஆறு காட்டப் போகிறாளாம்!

"எங்காத்துக் குழாய்த் தண்ணி எங்கேந்து வர்றதுன்னு காட்டித் தரேன், வாங்கோ மன்னி" என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஒன்பது மணிக்கு விதுரா. அங்கிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், நூற்றெண்பது ரூபாய். ரப்பர் தோட்டம் முடிந்ததும் ஓடை. கோமதி வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் தரும் கரமனை ஆற்றில் போய்ச் சேர்கிறது. அடியில் கூழாங்கற்கள் பளிச்சென்று தெரிந்தன. அழகாயிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. எங்கள் கால்வாயில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு அந்த ஊர் வாசகசாலையில் ஓடைக்கரைக்காரர்களின் கூட்டம். கோமதி வழக்கமாக வருவாளாம்.

"நிலத்தை விக்கப்படாதுன்னு இங்கே யாரும் சொல்லமாட்டா. ஆனா யார் வந்து கேட்டாலும், பதில் சொல்றதுக்கு முன்னாடி இங்கே வந்து எல்லார்கிட்டயும் சொல்லணும். அவ்வளவுதான், கேட்டேளா" என்று எனக்கு விளக்கினாள் கோமதி.

அன்று அப்படிச் சொல்ல எழுந்தவள் தங்கம்மா. தாத்தா திருநெல்வேலியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவராம். ஓடையின் ஊற்று அவளுடைய முப்பது சென்டில் இருக்கிறது.

"ரிசார்ட்டுக்குக் கேக்குறாங்க. ஊத்தை மூடிருவாங்களாம். எம் மோளுக்கு நர்சிங் சீட் கிடைச்சிருக்கு, பணம் கட்டணும், அல்லே? நான் பதில் ஒண்ணும் பறயல" என்றாள்.

ஒருவரும் உபதேசம் செய்யவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, தம் கிணறு ஓடையிலிருந்து எவ்வளவு தூரம், எந்த மாதம் வற்றும் என்று மட்டும் சொன்னார்கள்.

எங்கள் ஆட்டோக்காரரும் எழுந்தார். "எனக்குக் கிணறே இல்ல சேச்சி. குளி உங்க ஓடையிலதான்." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். படிப்புக் கடனுக்காக மறுநாள் பாங்குக்குக் கூட வருவதாக இரண்டு பேர் சொன்னார்கள். தங்கம்மா அங்கேயே புரோக்கரைப் போனில் கூப்பிட்டாள். "இல்ல சாரே, தரமாட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இவர்களுக்கு மட்டும் எப்படி வாய்த்தது? நாங்களும்தான் மனுக் கொடுத்தோம், ஊர்வலம் போனோம், போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பால் விடாத கட்டன் சாயாவை நீட்டியபடி தங்கம்மா கேட்டாள்: "உங்க ஊர்க் கால்வாய் போச்சாமே. நிலம் கேட்டு ஆள் வந்தப்போ நீங்க கூடிப் பேசலையாக்கா?"

ஊரெல்லாம் கொடுத்த பிறகு வேறு வழியில்லாமல்தான் நாங்களும் கொடுத்தோம் என்று சொல்லியிருக்கலாம். கோமதியிடம் மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். ஆனால் சற்றுமுன் புரோக்கரைப் போனில் கூப்பிட்ட அந்தக் கையைப் பார்த்தபடி பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லம்மா. முதல்ல எங்ககிட்டதான் கேட்டாங்க. கால்வாய்த் தண்ணி முதல்ல பாயற தலைமடை எங்க வயல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல. போன்லயே சரின்னுட்டேன்."

கோமதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நெடுமங்காடு தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அது எங்கப்பா வயல், மன்னி. என்கிட்டேயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?"