ஓட்டத் துவக்குக்கு ஒரு ஸ்பிரிங்

போன கிழமை பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோப் படியில் பெடியங்கள் சிலர் சீனவெடி கொளுத்திப் போட்டுவிட்டு ஓடினார்கள். படியெல்லாம் வெடிமருந்து மணம். எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "தீபாவளி மணக்குது" என்று தன் பிள்ளைக்குச் சொன்னார். பிள்ளை பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தது. என் கை தன்பாட்டில் இடது புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. அந்த மணம் வந்தால் எனக்குத் தீபாவளி வராது. பொபினி மைதானமும், வளைந்த கூடாரக் கம்பியும், புல்லில் விழுந்து கிடந்த அருளப்பு அண்ணையும்தான் வருவார்கள்.

எங்கள் ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தச் சின்ன ஊருக்குப் பாரிசில் இரண்டு சங்கங்கள் இருந்தன. தேர் எந்த வீதியால் முதலில் திரும்ப வேண்டும் என்ற சண்டையில் மேற்கு, கிழக்கு என்று பிரிந்தவர்கள், அந்தப் பிரிவையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரே கடையில் ஒரே மீனைக் கிண்டுவார்கள். கல்யாண மண்டபத்தில் கதிரையால் அடிபடுவார்கள். பொபினி மைதானம் ஒரு நாளைக்குத்தான் வாடகைக்குக் கிடைக்கும் என்பதால் கோடை விளையாட்டுப் போட்டியை மட்டும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்றால், காலையில் கைகுலுக்கிவிட்டுப் பின்னேரம் அடிபடுவது. நான் பார்த்த முதல் போட்டியில் கயிறிழுத்தலில் தோற்றவர்கள், வென்றவர்களின் தலைவருடைய கழுத்தில் அதே கயிற்றைப் போட்டு இழுத்தார்கள். அவர் பிழைத்தது அவருடைய கழுத்தின் பருமனால்.

ஆகவே ஒரு வழக்கம் வந்தது. ஓட்டத்தைத் தொடக்கி வைப்பவர் எங்கள் ஊரவராக இருக்கக்கூடாது. அருளப்பு அண்ணை மன்னார் ஆள், கத்தோலிக்க வேதக்காரர், ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை. எங்கள் தேரும் தெரியாது, வீதியும் தெரியாது. அவரிடம் ஒரு பழைய ஓட்டத் துவக்கு, ஓட்டம் தொடங்கச் சுடும் துப்பாக்கி, இருந்தது. குழாய் அடைத்தது, குண்டு போகாது, சத்தமும் புகையும் மட்டும்தான். பழைய சாமான் சந்தையில் அவரே வாங்கியது. யாருடைய துவக்கும் இல்லை என்பதால் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

ஒரு வருடம் கடைசி அஞ்சலோட்டத்தில் அது வெடிக்கவில்லை. 'டிக்' என்று மட்டும் கேட்டது. மேற்கு ஓடியது, கிழக்கு நின்றது. அன்று ஒருவருக்குப் பாதிக் காது போனது. கடித்தவர் எங்கள் மேற்குப் பக்கம். அடுத்த கோடை நெருங்கியபோது இரண்டு தலைவர்களும் தனித்தனியே அண்ணையிடம் போய் ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: "இந்தமுறையும் டிக் எண்டால் முதல் அடி உங்களுக்குத்தான்."

"ரெண்டு பகுதியும் ஒரு விசயத்திலையாவது ஒத்துப்போச்சு, தம்பி," என்று அண்ணை என்னிடம் சிரித்தார். "அதுவும் என்ரை மண்டை விசயத்திலை."

"விசில் ஊதலாமே அண்ணை?"

"விசில் ஊதினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுறன் எண்டு நினைப்பாங்கள்."

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் சங்கத்துக் கடிதம் கேட்டார்கள். எந்தச் சங்கம் கையெழுத்து வைத்தாலும் அது அந்தச் சங்கத்துத் துவக்காகிவிடும். பழையதின் வயிற்றுக்குள் செத்துப்போன ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் பிரெஃபெக்சர் விசாக் கடிதமா, பல் வலியா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். அண்ணையும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் மேற்குப் பெடியன் என்பது எங்கள் இருவருடைய புத்தியிலும் அப்போது ஏறவில்லை.

துவக்குக் கடைக்காரர் எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்த பிறகே துவக்கைப் பார்த்தார். செய்த கொம்பனி எப்போதோ மூடிவிட்டதாம். வேறொரு கொம்பனி இதே மாதிரி செய்தது, அதன் ஸ்பிரிங் பொருந்தினாலும் பொருந்தும், பழைய சாமான் சந்தையில் தேடிப் பாருங்கள் என்றார். வெளியே வந்து அண்ணை துவக்கை முருங்கைக்காய்ப் பைக்குள் வைத்ததை யாரோ கண்டிருக்க வேண்டும். லாச்சப்பல் மெட்ரோ வாசலில் போலீஸ் பாய்ந்தது. என் கன்னம் கடைக் கதவுத் தகரத்தில், அண்ணை நிலத்தில், அவர் முதுகில் ஒரு முழங்கால். "ஸ்போர், முசியூ, ஸ்போர்," என்று, விளையாட்டுச் சாமான் என்பதைத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அவர் தார் ரோட்டைப் பார்த்துக் கத்தினார். நான் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த மிக மரியாதையான வாக்கியமொன்றை இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அதற்குப் பதிலாகப் பிடரியில் ஒன்று விழுந்தது. குழாய் அடைத்திருப்பதைக் கண்ட பிறகு விட்டார்கள். முருங்கைக்காய் எல்லாம் முறிந்து போயிருந்தது.

"படிச்ச பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து என்ன பிரயோசனம்," என்றார் அண்ணை, சப்பாத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு.

சந்தையில் ஒரு கிழவனிடம் கழற்றிய துவக்குகளின் உதிரிகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. ஒரு ஸ்பிரிங் கட்டை, ஒன்று தடிப்பு, இன்னொன்று போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. அண்ணை அங்கேயே ஒரு வெடி வைத்தார். பக்கத்துக் கடைப் பெண் தன் பீங்கான்களின் மேலேயே விழுந்தாள். அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

போட்டியன்று துவக்கு ஒருமுறைகூடப் பிசகவில்லை. கடைசி அஞ்சலோட்டத்துக்கும் நல்ல சத்தமாக வெடித்தது. எங்கள் பக்கம் நெஞ்சளவு முந்தி வென்றது. கிழக்குக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு அவர்களுடைய தலைவர் நடந்து வந்தார்.

"சத்தம் வேறை மாதிரிக் கிடக்கு."

"அதே துவக்குத்தான்," என்றார் அண்ணை. "உள்ளுக்கை ஸ்பிரிங் மட்டும் மாத்தினது."

"ஆர் எடுத்துத் தந்தது?"

அருளப்பு அண்ணைக்குப் பொய் வராது. "இந்தத் தம்பிதான் வந்து பிரெஞ்சிலை கதைச்சு எடுத்துத் தந்தவர்."

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் தன் ஆட்களுக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மேற்குக்காரன் போட்ட ஸ்பிரிங். மேற்குக்காரனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வெடிச்சிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். ஆணிச் சப்பாத்தொன்று வந்து என் புருவத்தைக் கிழித்தது. கூடாரத்தைப் பிடுங்கினார்கள்; கம்பி அண்ணையின் தோளில் இறங்கிய சத்தம் துவக்குச் சத்தத்தைவிடச் சின்னதுதான். துவக்கைப் பிடித்திருந்த கையை மிதித்து அதைப் பறித்தார்கள், அதன் பிடியாலேயே அவர் வாயில் குத்தினார்கள். பிறகு எங்கள் ஆட்கள் கிரிக்கெட் பொல்லுகளோடு வந்தார்கள். அடிபாடு முழுவதும் அவருக்கு மேலேயே நடந்தது. காப்பாற்ற வந்த கால்களும் அவரைத்தான் மிதித்தன. "நான் உங்கடை ஊர் இல்லையடா," என்று கீழேயிருந்து அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்தப் போட்டி இல்லை. மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. கிழக்குத் தலைவரின் மகளும் மேற்குத் தலைவரின் மகனும் நகரசபையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள், சங்கங்கள் ஒன்றாகிவிட்டன. கோடையில் ஓல்னே-சூ-புவாவில் மண்டபம் எடுத்துக் கொத்துரொட்டி போடுகிறார்கள். கடித்தவரும் காது போனவரும் ஒரே மேசையில் இருந்து கடதாசிச் சீட்டு விளையாடுகிறார்கள்.

இந்த வருடம் பரிமாறிக்கொண்டு நின்ற, ஒன்றான சங்கத்துத் தலைவரிடம் கேட்டேன்: "அருளப்பு அண்ணைக்கு அழைப்புச் சொல்லேல்லையோ?"

"ஆர்?" அகப்பை அந்தரத்தில் நின்றது. "ஓ, அந்த மன்னார் ஆளோ. இது எங்கடை ஊர்ச் சனத்தின்ரை ஒன்றுகூடல் எல்லே, தம்பி."

சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு அகப்பை கொத்து வைத்தார்.